சேர்த்துப் படித்த வரி

முருகன் துணை

ஆரணி
11-2-1981

உன் கடிதத்தை நேற்று விளக்கு வைத்ததும் கூடத்தில் படித்தேன். அப்போது இருந்தவர்கள்: உன் மாமா, எதிர்வீட்டு ஜெயம், நம் தறிக்காரர் பரசுராமன், பின்கட்டு நிலைப்படிக்கு வெளியே பாஞ்சாலை, அவள் மடியில் மகள் கண்ணகி. என்னோடு சேர்த்து ஆறு பேர். வழக்கம்போல் கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அன்புள்ள தம்பி லோகநாதனுக்கு அக்காள் கிருஷ்ணம்மாளின் ஆசீர்வாதம். முருகன் கிருபையால் வீட்டில் ஒருவருக்கும் குறைவில்லை. அந்தக் குளிரில் உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறது?

நீ என்னையும் மாமாவையும் மட்டும் விசாரித்திருந்தாய். கடல் தாண்டி வந்த கடிதத்தைக் கேட்க வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் முகம் வாடலாமா? நம் தெருவில் கடிதம் படிக்கிறவள் செய்வதையே நானும் செய்தேன். "ஜெயம் அக்காவுக்கு மூட்டுவலி தேவலையா, பரசுராமன் அண்ணன் சௌக்கியமா" என்று நீ எழுதாததை எழுதியது போலவே படித்தேன். பரசுராமன் பூரித்துப்போனார். "பாத்தியா, சீமைக்குப் போயும் பையன் மறக்கல" என்றார். அடுத்த முறை நீயே எழுதிவிடு. அதற்காகத்தான் பெயர்களைக் கொடுக்கிறேன்.

பாஞ்சாலையை உனக்குத் தெரியாது. படவேட்டுப் பக்கத்துக்காரி. புருஷன் தருமன் கழனி வேலைக்குப் போகிறான். இவள் நம் வீட்டில் ராட்டையில் நூல் சுற்றுகிறாள். கண்ணகிக்கு ஒன்பது வயது. போன புரட்டாசியில் விடாத காய்ச்சல், ஈறில் ரத்தம், உடம்பெல்லாம் கன்றிப்போன திட்டு. வேலூருக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் புற்று என்று சொல்லிவிட்டார்கள். ஊசி, மாத்திரை எல்லாம் போட்டு முடி கொட்டிப்போயிற்று. ஆனால் தை பிறந்ததும் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டாள். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, "நான் பழனிக்குப் போயி வந்துட்டேன், நீங்கதான் போவல" என்று எங்களைக் கேலி செய்கிறாள். இப்போது மாதம் ஒரு ஊசிதான். ஆனால் இரண்டு மூன்று வருஷம் விடாமல் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ரத்தப் புற்று அணுக்களை வைத்துத்தான் உனக்குப் புது வேலை என்று ஒரு வரி எழுதியிருந்தாய் அல்லவா, அதைக் கேட்டதும் பாஞ்சாலை எழுந்து நின்றுவிட்டாள். "எம்மா, அத்த இன்னொரு தபா படிம்மா." மூன்று தபா படித்தேன்.

அது என்ன வேலை? உன் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டவள் நான். எனக்குப் புரிகிற மாதிரி எழுது. கிருத்திகை தவறாமல் உனக்காக விளக்கேற்றுகிறேன்.

அக்காள்
கிருஷ்ணம்மாள்

---

பால்டிமோர்
2-3-1981

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவுக்கு என் வணக்கம். ஜெயம் அக்கா, பரசுராமன் அண்ணன் இருவரையும் விசாரித்ததாகச் சொல்லவும். பார், இந்த முறை நானே எழுதிவிட்டேன். சளி விட்டது, பனி விடவில்லை.

என் வேலையைக் கேட்டிருந்தாய். நம் ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்கள் எலும்புக்குள் பிஞ்சாகப் பிறக்கும். பிறகு முற்றும், கிருமியோடு சண்டை போடும், சில நாளில் தன் காலம் முடிந்து அடங்கும். இந்த நோயில் பிஞ்சு முற்றுவதே இல்லை. வேலையும் செய்யாது, சாகவும் சாகாது, பெருகிக்கொண்டே போகும். நல்ல அணுவுக்கு இடம் இல்லாமல் செய்துவிடும்.

எங்களிடம் பாட்டிலில் இருப்பவை ஒரு பெண்மணியின் ரத்தத்திலிருந்து எடுத்தவை. அந்த அம்மாள் சில வருஷங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். அணுக்கள் மட்டும் இன்னும் உயிரோடு பெருகிக்கொண்டிருக்கின்றன. அவர் பெயர் எனக்குத் தெரியாது. பாட்டிலில் எழுத்தும் எண்ணும்தான் இருக்கும். அதில் வைட்டமின் ஏ-யின் பங்காளி என்று சொல்லத்தக்க ஒரு ரசாயனத்தை இம்மியளவு விடுகிறோம். ஐந்தாறு நாளில் பிஞ்சுகள் முற்றத் தொடங்குகின்றன. விஷம் வைத்துக் கொல்வதில்லை அக்கா, வளர வைக்கிறோம். வளர்ந்தவை தாமே அடங்குகின்றன.

முற்றிவிட்டதா என்று பார்க்க வெளிர்மஞ்சளாக ஒரு சாயம் விடுவோம். முற்றிய அணு அதைக் கருநீலமாக்கும், பிஞ்சு ஆக்காது. பசை போக வேகவைக்காத பட்டு நூலில் சாயம் ஏறாது என்று மாமா சொல்வாரே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். மைக்ராஸ்கோப்பில் குனிந்து நீலம் எத்தனை என்று எண்ணுவது என் வேலை. போன வாரம் நூற்றுக்குத் தொண்ணூறு நீலம். சாயக்காரத் தெருவில் பிறந்தவன் இங்கே வந்தும் சாயம் பார்க்கிறேன்.

ஆனால் மூன்று விஷயம். இது கண்ணாடிப் பாத்திரத்தில் நடப்பது, மனித உடம்பில் அல்ல. இந்த அணு ஒரு வகை, குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது வேறு வகை. வேலூரில் கொடுப்பதுதான் இன்றைக்கு உள்ள மருந்து, அதை ஒரு தவணையும் விடக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெயில் தொடங்கியிருக்கும்.

உன் தம்பி
லோகநாதன்

---

முருகன் துணை

ஆரணி
24-3-1981

அன்புள்ள தம்பிக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சௌக்கியம். வெயில் ஆரம்பித்துவிட்டது, பாவு நூல் அறுந்துகொண்டே இருக்கிறது என்று மாமா சலித்துக்கொள்கிறார்.

உன் கடிதம் படித்தபோது முன் சொன்ன ஆறு பேரோடு தருமனும் இருந்தான். கழனியில் வேலையை விட்டுவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு வந்து பின்கட்டில் நின்றான். முதலில் தனியாக ஒரு முறை படித்துப் பார்த்துக்கொண்டுதான் கூடத்துக்கு வந்தேன்.

நீல அணுவைப் பற்றிப் படித்ததும் மாமா தொடையில் தட்டினார். "அமெரிக்காவுல போயி சாயப்பட்டற வெச்சிகினானா உன் தம்பி? இதுக்கா பி.எஸ்ஸி. படிச்சான், இங்கியே வாளி தூக்கி இருக்கலாமே!" ஜெயம் விடுவாளா? "அதான் எனக்கு சென்ட்டு பாட்டில் அனுப்ப மாட்டேங்கறான், அவனுக்குத் தெரிஞ்ச பாட்டிலு வேற" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? புற்று அணுவை வளர வைக்கிறான் என் தம்பி.

சிரிப்பு அடங்கியதும் பாஞ்சாலை மெதுவாகக் கேட்டாள். "எம்மா, எங்க பேரு அதுல கீதாம்மா?"

நீ எழுதவில்லை. ஆனால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். கண்ணகி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறது. "கீதுடி" என்று சொல்லி ஒரு வரி சேர்த்துப் படித்தேன். மற்றவர்களுக்குச் சேர்க்கிற மாதிரிதான். அப்புறம் வெளிச்சம் போதவில்லை, கடிதத்தை மடித்துவிட்டேன்.

வைட்டமின் ஏ எதில் இருக்கிறது என்று தருமன் கேட்டான். கேரட், முருங்கைக்கீரை, பப்பாளி, மீன் எண்ணெய் என்று தெரிந்ததைச் சொன்னேன்.

அந்த ரசாயனத்தில் ஒரு சின்ன பாட்டில் தபாலில் அனுப்ப முடியுமா? இம்மியளவே போதும் என்று நீதானே எழுதியிருக்கிறாய்.

அக்காள்
கிருஷ்ணம்மாள்

---

பால்டிமோர்
14-4-1981

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உங்கள் நலத்துக்கு எழுதவும்.

பாட்டில் அனுப்ப முடியாது. அது மருந்தே அல்ல. எவ்வளவு கொடுத்தால் மனிதர் தாங்குவார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. வைட்டமின் ஏ கூட அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். கீரை சாப்பிடட்டும், நல்லது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நான் கண்டுபிடித்தவனும் இல்லை. கண்டுபிடித்தவர்கள் வேறு. நான் எண்ணுகிறவன், பாத்திரம் கழுவுகிற நாளும் உண்டு. இதையும் கூடத்தில் படி.

நீ சேர்த்துப் படித்த அந்த வரி என்ன, அக்கா?

லோகநாதன்

---

முருகன் துணை

ஆரணி
6-5-1981

அன்புள்ள தம்பிக்கு ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. அன்று கூடத்தில் யாரும் இல்லை, நானே படித்துக்கொண்டேன். பிரம்மோற்சவம் என்று எல்லோரும் தேர் பார்க்கப் போயிருந்தார்கள்.

மாமாவுக்குக் கல்யாண முகூர்த்தப் புடவைகள் குவிந்திருக்கின்றன. அரக்கும் மயில்கழுத்துப் பச்சையுமாக எட்டுப் பாவு ஓடுகிறது. ஜெயத்தின் பெரிய பெண்ணுக்குச் சேத்துப்பட்டில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். பரசுராமனுக்குக் கண்ணில் சதை வளர்ந்திருக்கிறது. எனக்கு ஒன்றுமில்லை, தூக்கம்தான் சரியாக வருவதில்லை. வெயில் காரணமாக இருக்கும்.

கண்ணகி நன்றாக இருக்கிறாள். தலையில் முடி குருத்துவிட்டிருக்கிறது. தினம் கேரட்டும் முருங்கைக்கீரையும், மருந்துக்கடை மீன் எண்ணெய் மாத்திரையும் கொடுக்கிறார்கள். மீன் எண்ணெய் ஏப்பம் விட்டு, "இன்னிக்கு எனக்கு எத்தினி நீலம், உன் தம்பி எண்ணுவாரா?" என்று என்னைக் கேட்கிறாள். முகத்தில் அவ்வளவு தெளிச்சி. வேலூருக்குப் பங்குனியிலும் சித்திரையிலும் போகவில்லை. முதுகில் ஊசி போடும்போது குழந்தை கத்துகிற கத்தலைப் பாஞ்சாலையால் தாங்க முடியவில்லையாம். போகவர ஒரு நாள் ஆகிவிடுகிறது. நன்றாகத்தானே இருக்கிறாள் என்று இருந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

அக்காள்
கிருஷ்ணம்மாள்

---

பால்டிமோர்
22-5-1981

அக்கா,

உன் கடிதம் இன்று வந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் தந்தி கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்பே அது வந்திருக்கும். வந்த அன்றே குழந்தையை வேலூருக்கு அழைத்துப் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முகத் தெளிச்சியை நம்பாதே. இந்த நோயில் வெளியே ஒன்றும் தெரியாது. எலும்புக்குள் நூறு பிஞ்சு மிச்சம் இருந்தாலும் போதும். என் பாத்திரத்திலேயே பார்க்கிறேன். தொண்ணூறு நீலம் என்று நான் பீற்றிக்கொண்டேனே, மீதிப் பத்தைப் புதுப் பாத்திரத்தில் விட்டால் ஒரு வாரத்தில் பாத்திரம் நிறைந்துவிடும். அதனால்தான் இரண்டு மூன்று வருஷம் மருந்து. அதை அன்றைக்கே எழுதினேன். ஒரு தவணையும் விடக் கூடாது என்று எழுதினேன். நீ அவர்களுக்குப் படித்தாயா, இல்லையா?

அவர்களுக்கு என்ன படித்தாய்? மறைக்காமல் எழுது.

லோகநாதன்

---

பால்டிமோர்
5-7-1981

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஐந்து வருஷத்தில் இப்படி இருந்ததில்லை. உனக்கு உடம்பு சரியில்லையா? கோபமாக எழுதிவிட்டேன், அதற்காகவா?

மாமாவையாவது இரண்டு வரி எழுதச் சொல். கண்ணகி எப்படி இருக்கிறாள்?

லோகநாதன்

---

ஆரணி
2-8-1981

தம்பி லோகநாதனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கண்ணகி ஆடி இரண்டாம் வெள்ளியன்று விடிகாலையில் போய்விட்டாள். வேலூரிலேயே.

உனக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ தரம் தாளை எடுத்தேன். முதல் வரிக்கு மேல் கை போகவில்லை. இன்று பூஜை அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தலைப்பில் சுவாமி பேர் எழுதவில்லை. எழுத எனக்கு முகமில்லை.

நீ கேட்டதற்குப் பதில். அன்றைக்கு நான் சேர்த்துப் படித்த வரி இது: "பாஞ்சாலையின் மகள் கண்ணகிக்கு அந்த மருந்தை நான் அனுப்பி வைக்கிறேன். கவலைப்பட வேண்டாம் என்று சொல்லவும்." வெளிச்சம் போதவில்லை என்று எழுதினேனே, அதுவும் பொய். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. உன் மூன்று எச்சரிக்கையும் கண்ணுக்கு நேரே இருந்தன. அதைப் படித்தால் அந்த முகங்கள் விழுந்துவிடும், உன் பெருமையும் என் பெருமையும் குறைந்துவிடும் என்று மடித்தேன். நோட்டில் இப்போது இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: சேர்த்தது ஒரு வரி, விட்டது மூன்று வரி. எத்தனையோ வருஷக் கணக்கில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை என்று பேர் வாங்கியவள்.

அதற்குப் பிறகுதான் அவர்கள் வேலூரை விட்டார்கள். ஊசிக்குப் பயந்து அல்ல. "அமெரிக்கா மருந்து வர்ற வரைக்கும் கொழந்தைய எதுக்குக் குத்திகினு" என்றான் தருமன். எனக்குத் தெரியும். போய்வா என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால், மருந்து வரும் என்றாயே என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு கேரட் வாங்கிக் கொடுத்தேன்.

தந்தி இங்கிலீஷில் வந்தது. போஸ்ட்மேன் வாசலில் நின்றபடியே படித்துச் சொன்னார். "பொண்ண உடனே வேலூருக்கு இட்டுகினு போவணுமாம், மருந்து நிறுத்தக் கூடாதாம்." அவர் ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பாஞ்சாலை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மருந்து வேலூருக்கே வந்துட்சா? அதான் அங்க வரச் சொல்றாரா?" நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே பஸ் ஏறினாள், தம்பி. குழந்தைக்குப் புதுப் பாவாடை கட்டிவிட்டிருந்தாள்.

நானும் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் பாஞ்சாலை நர்ஸம்மாவிடம், "அமெரிக்காவுலேந்து கண்ணகின்ற பேருக்கு மருந்து வந்துதாம்மா?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொருவரைக் கேட்டாள். அவருக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எலும்பில் ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நோய் திரும்பிவிட்டது என்றார்கள். எட்டு வாரம் பார்த்தார்கள். குறை சொல்ல முடியாது. ஒருநாள் டாக்டரைத் தனியாகக் கேட்டேன், மருந்தை விடாமல் இருந்திருந்தால் வந்திருக்காதா என்று. "வந்திருக்கலாம்மா, வராமலும் இருந்திருக்கலாம்" என்றார். எந்தப் பாதியைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் இருக்கிறேன்.

பாஞ்சாலைக்கு இன்னும் தெரியாது. மருந்து தபாலில் தொலைந்துவிட்டது என்று நினைக்கிறாள். "பாவம் உன் தம்பி, அனுப்பிட்டு எதிர்பார்த்துகினு இருப்பாரு, அவருக்கு எழுதிடும்மா" என்கிறாள். அதைக் கேட்டுக்கொண்டு அவளுக்குச் சோறு போடுகிறேன்.

மாமாவிடம் சொன்னேன். "போன உசுரு வரப்போவுதா? சும்மா இரு. சொல்லி அவ வயித்துல இன்னொரு கொள்ளி வெக்காத" என்றார்.

என்ன செய்யட்டும்?

கிருஷ்ணம்மாள்

---

பால்டிமோர்
18-8-1981

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய், பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கத்தில் நின்று படித்தேன்.

உன்னை மட்டும் சொல்ல எனக்கு வாயில்லை. "தொண்ணூறு நீலம்" என்று நான் ஏன் எழுதினேன்? மாமா காதில் விழ வேண்டும் என்றுதான். என் சாயம் ஒரு பக்கம், மூன்று எச்சரிக்கை மூன்று வரி. எதை நீ படிப்பாய் என்று எனக்குத் தெரியாதா? ஏப்ரலிலேயே அந்த வரி என்ன என்று கேட்டேன். நீ சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை, மே வரைக்கும். கேட்டிருக்கலாம்.

மாமா சொல்வதைக் கேட்காதே. பாஞ்சாலை என்னைப் பாவம் என்று நினைத்துக்கொண்டிருப்பதை நான் எப்படித் தாங்குவேன்? அவளைத் தனியாக உட்கார வைத்து, மார்ச்சில் நான் எழுதிய கடிதத்தை எழுத்துக்கு எழுத்து படி. உனக்காக நான் இங்கிருந்து எழுதிச் சொல்ல முடியாது. அதையும் நீதானே படிக்க வேண்டும்.

சாப்பிடுகிறாயா? உனக்குத் தூக்கம் வருகிறதா என்று எழுது.

லோகநாதன்

---

ஆரணி
20-9-1981

உன் மார்ச் மாதக் கடிதத்தை மறுபடி படித்தேன். இருந்தவர்கள்: நான், பாஞ்சாலை.

அன்புள்ள தம்பிக்கு ஆசி. சாப்பிடுகிறேன். தூக்கம் அப்படித்தான்.

ஒன்பதாம் தேதி பகலில், தறிக்காரர்கள் சாப்பிடப் போனபோது அவளைக் கூடத்துக்கு அழைத்தேன். உள்ளே வரமாட்டேன் என்று நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்தாள். நானும் போய் வெளியே, அவளுக்கு எதிரில், கீழே உட்கார்ந்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தேன். மாமாவுக்கு வணக்கம் சொன்னது, ஜெயம் அக்காவை விசாரித்தது, சளி, பனி, இறந்துபோன அந்த அம்மாளின் பாட்டில், நீலம், கண்ணாடிப் பாத்திரம், வேறு வகை, ஒரு தவணையும் விடக் கூடாது, வெயில், உன் தம்பி லோகநாதன். முடித்தேன்.

பிறகு, "எங்க பேரு இல்லியே" என்றாள்.

"இல்லை."

"அன்னிக்கு இருந்திச்சே."

"நான் சேர்த்தேன் பாஞ்சாலை. அவன் மருந்து அனுப்புறேன்னு எழுதல. நானாச் சொன்னேன். ஆஸ்பத்திரிய விடக் கூடாதுன்னு எழுதியிருந்தான், அத்த நான் படிக்கல."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னாள். ஆஸ்பத்திரி வரியின் மேல் விரல் வைத்துக் காட்டினேன். அந்த இடத்தை அவளும் விரலால் தடவினாள்.

"எங்களுக்குப் படிப்பு இல்லன்னுதானே" என்றாள். எழுந்து போய்விட்டாள். ராட்டையில் பாதி நூல் அப்படியே நின்றது.

பத்து நாள் வரவில்லை. ஆள் அனுப்ப எனக்குத் தைரியம் இல்லை. நேற்று வந்தாள். முதல் முறையாகக் கேட்காமல் நேரே கூடத்துக்குள் வந்து, மாமா உட்காருகிற பாயில் உட்கார்ந்தாள். மாமா அப்போது உள்ளே வந்தவர், அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். "எழுது" என்றாள் என்னிடம். "உன் தம்பிக்கு எழுது. நீயா ஒண்ணும் சேக்காத." அவள் சொன்னதை அவள் வாய்ச்சொல்லிலேயே எழுதுகிறேன்:

"நான் பாஞ்சாலை. கண்ணகி அம்மா. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. வேலூர்ல என் பொண்ணு எலும்புல ஊசி போட்டு ரெண்டு தபா ரத்தம் எடுத்தாங்க. ஒண்ணு போன வருசம், ஒண்ணு இப்போ. அத்த இன்னா பண்ணுவாங்க? அந்தச் செத்துப்போன அம்மாவோட ரத்தம் பாட்டில்ல உசுரோட கீதுன்னு எழுதி இருக்கீங்களே, அந்த மாரி என் பொண்ணுதும் எங்கியாச்சும் கீதா? கீதுன்னா, நீங்க வுடற தண்ணிய அதுல யாராச்சும் வுட்டாங்களா? அது முத்திச்சா?"

இவ்வளவுதான். எழுதி முடித்ததும் திரும்பப் படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். பிறகு என் முகத்தையே பார்த்தாள். "உனக்கு இன்னா தோணுது, இருக்குமா?" என்றாள்.

தம்பி, இருக்கும் என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகம் அப்படி இருந்தது. எனக்குத் தெரியாது, அவனைத்தான் கேட்க வேண்டும் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினாள்.

பதிலை அவள் பெயருக்கே எழுது. பாஞ்சாலை, தருமன் சம்சாரம், நம் வீட்டு முகவரி போதும், உறையைப் பிரிக்காமல் கொடுத்துவிடுவேன். எழுத்துப் பெரிதாக, புரிகிற மாதிரி இருக்கட்டும். அதை என்னிடம் படிக்கக் கொடுக்க மாட்டாளாம். அவர்கள் தெருப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுப்பாளாம். அதுதான் சரி. உண்டென்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை. எதுவானாலும் அதையே எழுது.

இனி தினமும் போஸ்ட்மேன் வருகிற நேரத்துக்கு வாசலில் வந்து நிற்பாளாம். பதில் சீக்கிரம் போடு.

கிருஷ்ணம்மாள்